ரத வீதி பதில்கள்: வாழ்க்கையில் யார் பாஸ், யார் ஃபெயில்?

கே: வாழ்க்கையில் ஜெயித்தவர் என்று யாரைச் சொல்வீர்கள்? ஒரே வரியில் வேண்டும்.
— கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், சம்பளத்தை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுகிறவரை.

கே: அலுவலகப் பயிற்சி வகுப்பில் 'உங்கள் வாழ்க்கை மதிப்பீடுகளை எழுதுங்கள்' என்றார்கள். நேர்மை, உழைப்பு, குடும்பம் என்று எழுதினேன். எட்டிப் பார்த்தால் பக்கத்து நாற்காலிக்காரரும் அதையேதான் எழுதியிருக்கிறார்!
— வங்கி ஊழியர், தென்காசி

பின்னே, பொறாமை, சோம்பல், ஓசிச் சாப்பாடு என்றா எழுதுவார்? அப்படி யாராவது எழுதியிருந்தால் நேர்மைக்கான முழு மார்க்கையும் அவருக்கே கொடுத்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலுக்கு வெள்ளைத்தாள் தேவையில்லை. போனில் ஜிபேயைத் திறந்து மூன்று மாதக் கணக்கைத் தள்ளிப் பாருங்கள். உங்கள் காசு எதை மதிக்கிறது என்று அது சொல்லிவிடும். அடுத்தது கொஞ்சம் கஷ்டமான பாடம். எதைச் செய்ய மறுத்ததால் உங்களுக்கு நஷ்டம் வந்தது என்று யோசியுங்கள். மேலதிகாரி நீட்டிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தீர்களா? வரதட்சணை வேண்டாம் என்று சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் ஏச்சு வாங்கினீர்களா? தகுதியில்லாத சொந்தக்காரருக்கு லோன் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி ஒரு கல்யாணப் பத்திரிகையை இழந்தீர்களா? அப்படி ஒன்றாவது ஞாபகத்துக்கு வந்தால் அதைத் தாராளமாக எழுதலாம். எதுவுமே வரவில்லை என்றால் நீங்கள் எழுதியதற்குப் பெயர் அபிப்பிராயம். அது எல்லோருக்கும் இலவசம்.

கே: நம்ம ஊர்த் தலபுராணத்தில் வாழ்க்கைக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா, இல்லை கோயில் பிரசாதப் புற்றுமண்தானா?
— மருந்துக்கடைக்காரர், சங்கரன்கோவில்

புற்றுமண்ணைக் குறைத்துப் பேசாதீர்கள் அண்ணாச்சி. சிபாரிசு இல்லாமல் கலெக்டருக்கும் எனக்கும் ஒரே அளவில் கிடைக்கிற பொருள் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

புராணத்துக்கு வருவோம். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர், பதுமனுக்குத் திருமால்தான் பெரியவர். சண்டை முற்றி அம்மனிடம் போனார்கள். அதைத் தீர்த்து வைக்கக் கோமதி அம்மன் புன்னை வனத்தில் தபசு இருந்தாள். ஆடி மாதம் உத்திராடத்தன்று சுவாமி காட்சி கொடுத்தார், வலப்பக்கம் சிவனாக, இடப்பக்கம் திருமாலாக. இன்றைக்கும் சங்கரநாராயணர் சன்னதியில் விபூதியும் உண்டு, துளசி தீர்த்தமும் உண்டு. யார் ஃபர்ஸ்ட் ரேங்க் என்று கேட்டு வந்தவர்களுக்கு மார்க்‌ஷீட் கடைசிவரை வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வருஷம் தவறாமல் லட்சக்கணக்கில் கூடி ஆடித் தபசு பார்க்கிறோம். பார்த்துவிட்டு நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய், "உங்க பிள்ளை எத்தனை மார்க்?" என்று ஆளாளுக்குச் சங்கனும் பதுமனுமாக நிற்கிறோம்.

கே: மல்லிகை கிலோ இரண்டாயிரத்துக்குப் போனபோது வீட்டில் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். இருநூறுக்கு இறங்கியதும் விவரமில்லாதவன் என்கிறார்கள். நான் யார்?
— பூ விவசாயி, சங்கரன்கோவில் அருகே

அன்றைக்கு முகூர்த்தம், இன்றைக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம். மார்கழிப் பனியில் மொட்டு கருகி வரத்துக் குறைந்தால் விலை ஏறும், வெயில் நாளில் செடி கொட்டிக் கொடுத்தால் விலை விழும். விடியற்காலை எழுந்து மொட்டுப் பறிக்கிற கை இரண்டு நாளும் ஒரே கைதான். பெரிய பெரிய தொழிலதிபர்கள் 'நான் வென்ற கதை' எழுதும்போது இந்த முகூர்த்த விஷயத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். விலை ஏறிய நாளில் நீங்களும் வீட்டில் கொஞ்சம் அடக்கி வாசித்திருந்தால் இப்போது இவ்வளவு ஏச்சு விழுந்திருக்காது.

கே: பூலித்தேவர் கடைசியில் தோற்றவர்தானே? தோற்றவருக்கு எதற்கு இத்தனை மாலை?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், வாசுதேவநல்லூர்

தேர்வில் இப்படி எழுதிவிடாதீர்கள் தம்பி, மார்க் போய்விடும்.

பூலித்தேவர் ஆண்ட நெல்கட்டும்செவல் நமக்குக் கூப்பிடு தூரம். 1755-ல் கப்பம் கேட்டு வந்த ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். அதன்பிறகும் வருஷக்கணக்கில் சண்டை. 1761-ல் யூசுப்கான் பீரங்கிகளோடு வந்து பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தார். அதற்குப் பிறகு தேவர் என்ன ஆனார் என்பதற்குச் சரித்திரத்தைவிட சங்கரன்கோவில்காரர்களிடம்தான் பதில் உண்டு: பிடித்துக்கொண்டு போகிற வழியில், 'சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன்' என்று கோயிலுக்குள் போனவர் போனவர்தான், சோதியில் கலந்துவிட்டார். கோயிலுக்குள் அவர் பேரில் ஓர் அறையே இருக்கிறது.

சரி, ஜெயித்தவர் என்ன ஆனார்? யூசுப்கான் ஆற்காட்டு நவாபுக்காகவும் கம்பெனிக்காகவும் தெற்குச் சீமை முழுவதையும் அடக்கிக் கொடுத்தார். இரண்டே ஆண்டில் அவர்களோடு முறைத்துக்கொண்டார். கூட இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கில் தொங்கினார். அவரும் கடைசிவரை எதிர்த்து நின்ற வீரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1761-ஐ மட்டும் வைத்துப் பாஸ், ஃபெயில் போட்டவர்கள் 1764-ல் அந்த மார்க்கை அழிக்க வேண்டி வந்தது. வாடகைக்கு ஜெயித்துக் கொடுப்பதில் இந்தச் சிக்கல் உண்டு. வெற்றி யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதை ஜெயித்தவர் முடிவு செய்வதில்லை.

கே: ஓட்டுக்குக் காசு வாங்கினால் என்ன தப்பு? அது நம்ம காசுதானே?
— 'உள்ளதைச் சொல்பவன்', திருவேங்கடம்

நம்ம காசை நமக்குக் கொடுக்க எதற்கு ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்டை நிறுத்திவிட்டு வர வேண்டும்?

கே: முப்பது வருஷமாகத் தறிதான். மகன் 'தறிப்பக்கம் வர மாட்டேன், கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறேன்' என்கிறான். நான் தோற்றுவிட்டேனா?
— விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்

தறியை ஓட்டித்தான் அவனைப் படிக்க வைத்தீர்கள். படித்த பிள்ளை வேறு வேலைக்குப் போகிறான் என்றால் நீங்கள் போட்ட பாவு சரியாக ஓடியிருக்கிறது என்று பொருள். கூலி உயர்வு கேட்டு எத்தனை தடவை தறியை நிறுத்தினீர்கள், பேச்சுவார்த்தை முடிகிற வரைக்கும் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதெல்லாம் அவன் பார்த்து வளர்ந்ததுதானே! பார்த்த பிறகும் வருகிறேன் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் ஒன்று. உங்களைப் போன்ற ஒருவரோடு தறிக்கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு என்று சொல்ல முடியாது, அந்தச் சத்தத்தில் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் பாதியில் நிறுத்திவிட்டு நாலாவது தறிக்கு ஓடினார். ஓர் இழை அறுந்திருந்தது. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல், அவருக்கு அதில் ஒரு தறி மட்டும் சுதி மாறிக் கேட்டிருக்கிறது. முடிச்சுப் போட்டு ஓடவிட்டு வந்து, விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். இந்தக் காது கம்ப்யூட்டர் வேலைக்கும் வேண்டும். தறியைக் கொடுக்க வேண்டாம், அதைக் கொடுத்து அனுப்புங்கள்.

சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டால்தான் முன்னேற்றம் என்றும் இல்லை. நம் மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011-லிருந்து சோஹோ நடக்கிறது. உலகம் முழுக்க விற்கிற மென்பொருளைக் குற்றாலச் சாரலில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். கிடைத்தால் அங்கே போகட்டும், கிடைக்காவிட்டால் பொதிகை தினமும் ராத்திரி வருகிறது.

கே: நேர்மையாக வாழ்ந்து கடனில் சாவதும் வெற்றியா? வ.உ.சி.யை நினைத்தால் மரியாதையைவிடப் பயம்தான் வருகிறது.
— வக்கீல் குமாஸ்தா, கோவில்பட்டி

பயப்படுவதில் தப்பில்லை. அவரை உதாரணம் காட்டி யாரையும் கடன் வாங்கச் சொல்கிற துணிச்சல் எனக்கும் கிடையாது.

கணக்கை வரிசையாகப் போட்டுப் பார்ப்போம். ஒட்டப்பிடாரத்து வக்கீல். 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் கைது, இரண்டு ஆயுள் தண்டனையாக மொத்தம் 40 வருஷம் போட்டார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், வியாபாரம் அவருக்கு வரவில்லை. எந்த பேங்க் மேனேஜரும் இந்த ஃபைலைப் பார்த்துவிட்டு லோன் தர மாட்டார்.

இனிமேல்தான் கதை. பறிபோன சன்னது திரும்பக் கிடைப்பதற்கு உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வெள்ளைக்காரன் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டு, அவன் சிறையிலேயே மாடு இழுக்கிற செக்கை இழுத்தவர், தன் மகனுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? வாலேஸ்வரன். 'வெள்ளைக்காரன் எவனாக இருந்தாலும் வேண்டாம்' என்று சொல்ல அவரைவிட அதிக உரிமை இந்த நாட்டில் யாருக்கு இருந்தது? ஆனாலும் நன்றியை வேறு ஏட்டில் எழுதினார். சன்னதோடு அவர் வந்து தொழில் பார்த்தது உங்கள் கோவில்பட்டியில்தான். உங்கள் தாத்தா காலத்துக் குமாஸ்தா யாராவது அவருக்குக் கட்டுத் தூக்கியிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் கோட்டு சூட்டோடு அட்டையில் சிரிக்கும் தன்னம்பிக்கை நூல்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? தமிழில் அந்த வரிசைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் வ.உ.சி.யும் ஒருவர். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூல்களை 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' என்றெல்லாம் தமிழாக்கினார். இந்த வேலையைச் சிறைவாசத்திலேயே ஆரம்பித்துவிட்டார். செக்கிழுத்த கையால் எழுதப்பட்ட தன்னம்பிக்கை நூல் உலகத்தில் வேறு எந்த மொழியிலாவது இருக்கிறதா என்று யாராவது தேடிச் சொல்லுங்கள்.

1936 நவம்பர் 18-ல் இறந்தார். அந்த வருஷம் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய சில்லறைப் பாக்கியைக்கூட விடாமல் குறித்து வைத்திருக்கிறார். உங்களுக்குப் பயம் தருவது கடன், எனக்குப் பயம் தருவது அந்தப் பட்டியல். இத்தனை கஷ்டத்திலும் ஒருவர் எண்ணெய்க்கடைப் பாக்கியை ஞாபகம் வைத்திருந்தால், நான் திருப்பித் தராத கைமாற்றுக்கெல்லாம் என்ன சாக்கு சொல்வது?

அவர் கடைசிக் காலத்தில் கஷ்டப்பட்டதை அவருடைய தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஊருக்காகக் கப்பல் விட்டவரைக் கடைக்காரரிடம் பாக்கி வைக்கும்படி விட்டது ஊர். உங்கள் விஷயத்துக்கு யோசனை சுலபம்: ஒரு இன்ஷூரன்ஸ் எடுங்கள், மாதம் பிறந்தால் கொஞ்சம் சேமியுங்கள், நேர்மையாகவும் இருங்கள். இரண்டுக்கும் ஒன்றும் வாய்க்கால் தகராறு இல்லை.

கே: ரேஷன் கார்டிலிருந்து பிள்ளையின் பள்ளி விண்ணப்பம் வரை எனக்குத் 'தொழில்: இல்லை' என்றே என் வீட்டுக்காரர் எழுதுகிறார். நான் வாழ்க்கையில் என்ன சாதித்தேன் என்று சொல்வது?
— இல்லத்தரசி, புளியங்குடி

2023 செப்டம்பரில் அரசாங்கமே மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கி, அதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயரும் வைத்துவிட்டது. உதவித்தொகை என்று வைக்கவில்லை பாருங்கள். கோட்டையிலிருந்து புளியங்குடிக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது, உங்கள் வீட்டு ஹாலுக்குத்தான் வரவில்லை. சாதனை கீதனை என்று பேச வேண்டாம் அக்கா, அது மேடைக்காரர்கள் வேலை. அடுத்த விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். அவர் வேலை என்ன என்ற கட்டத்தில் உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்.

கே: மகன் என்னைவிட நாலு மடங்கு சம்பாதிக்கிறான். பெருமைதான். ஆனாலும் உள்ளே எங்கோ குத்துகிறது. இது தப்பா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கழுகுமலை

மலையடிவாரத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே ஐயா! வெட்டுவான் கோயிலைப் பற்றி உங்கள் ஊரில் சொல்கிற கதைதான் பதில். அப்பனும் மகனும் சிற்பிகள். இருவருக்கும் போட்டி. மகன் மேலே ஒரே பாறையைக் குடைந்து கோயில் செய்கிறான், அப்பன் கீழே வேலை செய்கிறான். மகன் முந்திவிட்டான் என்று தெரிந்ததும் அப்பனுக்குப் பொறுக்கவில்லை, உளியாலேயே அடித்துக் கொன்றுவிட்டான். கதை நிஜமோ பொய்யோ, உங்களுக்கு வந்த குத்தல் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் காலத்திலேயே இருந்தது என்று ஊரே நம்புகிறது. உங்கள் கையில் உளி இல்லாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை.

கோயிலைப் பாதியில் விட்டதற்குக் காரணம் அந்தக் கொலைதான் என்கிறார்கள். உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்தவர்கள் அடிப்பகுதியை முடிக்கவில்லை. விமானத்தின் மேல் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்க அவ்வளவு படி ஏறி வருகிறவர்கள் யாரும் 'வேலை முடியலையே' என்று குறைபட்டு நான் கேட்டதில்லை.

கே: எழுத்தாளர் கி.ரா. பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்கவில்லை, பெரிய ஆளாகிவிட்டார். என் மகனை மட்டும் ஏன் படி படி என்கிறீர்கள்?
— மளிகைக்கடைக்காரர், குருவிகுளம்

கி.ரா.வுக்கு இல்லாதது பட்டம். படிப்பு இல்லை என்று யார் சொன்னது? இடைசெவல் சம்சாரி, முதல் கதை அச்சில் வந்தபோது வயது முப்பத்தைந்தை ஒட்டி. அதற்குள் ஊர் பேசுகிற பேச்சை முழுக்கக் காதால் படித்து முடித்திருந்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி ஆளாக ஓர் அகராதி போட்டார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டு உட்கார வைத்தது. உங்கள் மகன் ஒரு அகராதி போடுவதாக இருந்தால் பள்ளிக்கூடத்தை விடச் சொல்லலாம். செல்போனை வைத்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.

அதே இடைசெவலில், அதே 1923 செப்டம்பரில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. சேர்ந்தே வளர்ந்த சிநேகிதர்கள். அழகிரிசாமி 46 வயதில் போய்விட்டார், சாகித்ய அகாடமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கி.ரா. 1991-ல் அந்த விருதை வாங்கி, 2021 வரை இருந்து, அரசு மரியாதையோடு அடக்கமானார். இந்த இரண்டு பேரில் யார் ஜெயித்தது என்று கேட்டு யாராவது கார்டு போட்டால் பதில் போட மாட்டேன்.

கே: பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவைப் போல முழுச் சம்பளத்தையும் ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து?
— அரசு ஊழியர், கடையநல்லூர்

வீட்டில் சொல்லிவிட்டீர்களா? அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகர் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் தன் சாப்பாட்டுக்குச் சின்னச் சின்ன வேலைகள் பார்த்தவர். அவர் கொடுத்தது அவருடைய பங்கு. நீங்கள் கொடுக்கப் போவதில் இன்னும் மூன்று பேருடைய சாப்பாடும் இருக்கிறது. பத்தில் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வாட்ஸ்அப் அவருக்குக் கொடுத்திருக்கும் மற்ற பட்டங்களை நம்பி ஃபார்வர்டு செய்ய வேண்டாம். நூலகர் என்பதே அவருக்குப் போதுமான பட்டம்.

கே: சங்கரன்கோவில் பிரியாணிக்கு இவ்வளவு பெயர் வந்ததற்கு என்ன ரகசியம்?
— சாப்பாட்டுப் பிரியர், ராஜபாளையம்

மசாலா ரகசியம் எனக்குச் சொல்ல மாட்டார்கள். கடை வாசலில் நின்று பார்த்தது ஒன்று உண்டு: மத்தியானம் அண்டா காலியானால் 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். வரிசையில் நிற்பவர் கெஞ்சினாலும் அவசரத்துக்கு ஒன்றைக் கிளறித் தருவதில்லை. வந்த காசைத் திருப்பி அனுப்பத் தெரிந்த கடைக்கு ரகசியம் எதற்கு?

கே: ஆடித் தபசின்போது, விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் சப்பரத்தின் மேல் வீசிச் சூறை விடுகிறார்களே, வீண்தானே?
— பொறியியல் பட்டதாரி, சங்கரன்கோவில்

மேலே விழுந்த வத்தல் கண்ணில் பட்டால் வீண்தான். மற்றபடி, யார் வீசினார்கள் என்று எழுதி ஒட்டாமல் கோயிலுக்குப் பொருள் கொடுக்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான் மிச்சம். மற்றவர்கள் உபயம் என்று எழுதி எழுதியே டியூப்லைட்டை அணைத்துவிட்டார்கள்.

கே: எதிர் வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கிவிட்டார். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை.
— பெயர் வேண்டாம், தெற்கு ரத வீதி

அவருக்கும் இல்லை. காரை எங்கே நிறுத்துவது என்று உங்கள் தெருவில் கேட்டுக்கொண்டு அலைகிறார்.